ரேடியலா, நைலானா?

டிராக்டரின் பின் டயரை மாற்றும் வேளை வந்தால் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விலைப்பட்டியல்தான் பதில் சொல்கிறது. ரேடியலின் விலையைக் கேட்டதும் சிலர் நைலானுக்கே திரும்பிவிடுகிறார்கள். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று சிலர் வாங்கிவிடுகிறார்கள். வண்டி எந்த வேலையில் தேய்கிறது என்பதை இரு தரப்புமே கணக்கில் எடுப்பதில்லை.

நைலான் டயரில் இழைகள் குறுக்கும் மறுக்குமாக அடுக்கப்பட்டிருக்கும். பக்கச் சுவரும் பல் பகுதியும் ஒரே உடம்பு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். பல் பகுதிக்கு அடியில் மட்டும் தனிப் பட்டைகள் சுற்றியிருக்கும். பக்கச் சுவர் தாராளமாக வளைவதால் தடம் நீள்கிறது, ஒரே நேரத்தில் கூடுதல் பற்கள் மண்ணைக் கவ்வுகின்றன. சக்கரம் வீணாகச் சுழல்வது குறைந்து டீசல் மிச்சமாகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் கோடை உழவு ஓட்டும் பெரிய டிராக்டருக்கு இது மெய்யான லாபம்.

ஆனால் இந்த லாபமெல்லாம் குறைந்த காற்றழுத்தத்தில்தான் கிடைக்கும். பக்கச் சுவர் பிதுங்கி நிற்பதைப் பார்த்ததும், "காத்து கம்மியா இருக்குண்ணே" என்று பஞ்சர் கடைப் பையன் காற்றை அடித்துவிடுவான். அந்தப் பிதுக்கம்தான் ரேடியலின் பலம். அதைப் போக்கிவிட்டால் கொடுத்த கூடுதல் விலை வீண். டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றும் பழக்கமும் அப்படித்தான். நைலானுக்கு அது ஒத்துவரும். ரேடியலின் சுவரை அது விறைக்க வைத்துவிடும். எடை வேண்டுமென்றால் இரும்பு வெயிட் மாட்டுவதே முறை.

மண் இறுக்கத்திலும் ரேடியலுக்கு எல்லை உண்டு. மேல்மண் இறுகுவது பெரும்பாலும் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அங்கே ரேடியல் உதவும். அடிமண் இறுகுவது அச்சில் ஏறும் எடையால்; அதை எந்த டயரும் போக்காது.

நைலானின் பலம் அதன் முரட்டுத்தனம். சீமைக்கருவேல முள்ளும் வெட்டிவிட்ட கட்டைகளும் கிடக்கும் நிலத்தில் அதன் தடித்த சுவர் தாங்கும். ரேடியலின் சுவர் கிழிந்தால் ஒட்டுவது கடினம். மறுபக்கம், தார்ச் சாலையில் நைலான் சீக்கிரம் சூடேறித் தேயும். நல்ல சாலையில், அளவான பாரத்தில் ரேடியல் நின்று உழைக்கும். ஆனால் காலையில் உழவு, மாலையில் கரும்பு டிரெய்லர் என்று ஓடும் வண்டிக்கு வயலுக்கு ஓர் அழுத்தம், சாலைக்கு ஓர் அழுத்தம் வேண்டும். நாளுக்கு இருமுறை காற்றை மாற்ற யாருக்குப் பொறுமை? வயலில் இறக்கிய காற்றோடு அளவுக்கு மீறிய பாரத்தைச் சாலையில் இழுத்தால் ரேடியலின் சுவர்தான் முதலில் சேதமாகும்.

தஞ்சை வயல்களில் சேறடிக்கும்போது பிடிமானத்தைத் தருவது பெரும்பாலும் கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம். அங்கே ரேடியலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குச் சேற்றில் வேலை குறைவு. நான்கு சக்கர இழுவை வண்டி வைத்திருப்போர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பின் டயரை மட்டும் வேறு வகைக்கு மாற்றினால் முன், பின் சக்கரங்களின் உருளும் சுற்றளவு விகிதம் பிசகி, கியருக்கு வேலை வைக்கும்.

ஆகவே, ஆண்டில் பெரும்பகுதி புழுதி உழவு ஓட்டி, காற்றைக் கேஜ் வைத்துப் பார்ப்பவருக்கு ரேடியல். சேறு, முள், வாடகை டிரெய்லர் என்று எல்லாம் கலந்து ஓட்டுபவருக்கு நைலானே போதும். எதை வாங்கினாலும் கூடவே ஒரு காற்றுக் கேஜ் வாங்கிவிடுங்கள்.