வில்லையும் விரலும்

யாஷ் சோப்ரா இயக்கி 1975இல் வெளிவந்த 'தீவார்' திரைப்படத்தை நம்மவர் பலர் ஒரேயொரு பொருளுக்காக நினைவில் வைத்திருக்கின்றனர். பம்பாய்த் துறைமுகக் கூலியான விஜய் வைத்திருக்கும் பித்தளை வில்லை அது, எண் 786. அவ்வெண்ணின் மேன்மையை முதிய கூலி ரஹீம் சாச்சா அவனுக்கு எடுத்துரைக்கிறார். பின்னர் துப்பாக்கிக் குண்டொன்றை அவ்வில்லை தாங்கிக்கொள்கிறது. இறுதியில் அது கைநழுவிய பிறகே சாவு அவனை அடைகிறது. 786 என்பது பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய அப்ஜத் கூட்டுத்தொகை என்பதையும், திருக்குர்ஆனிலோ நபிமொழியிலோ அதற்கு ஆதாரமில்லை என்பதையும் வாசகர் அறிவர். அவ்விவாதத்துள் நாம் புகவில்லை. நம் வினா வேறு. திரைக்கதையாசிரியர்கள் சலீமும் ஜாவேதும் அதைத் தாயத்தாக்குமுன் அந்த வில்லை என்னவாக இருந்தது?

அது ஒரு பதிவெண். துறைமுக வாயிலில் அன்றன்று ஆளெடுக்கப்பட்டு, அன்றிரவே மறக்கப்பட்ட கூலியைப் பதிவுபெற்ற தொழிலாளியாக்க வழிவகுத்தது 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டம். சரக்கறைக்குள் விழுந்து இடுப்பொடிந்தவன் இழப்பீடு கேட்டுச் செல்கையில், அவன் அங்கே வேலை செய்தவன்தான் என்று மெய்ப்பிக்க உதவுவது அத்தகைய எண்ணே. குண்டைத் தடுக்கும் ஆற்றலினும் இது சிறிய ஆற்றலன்று. படம் இதைக் காணவில்லை.

காணாததற்குக் காரணமுண்டு. 'தீவார்' காட்டும் துறைமுகத்தில் ஆபத்து என்பது மாமூல் பறிக்கும் அடியாட்களே. பணம் தர மறுத்த இளைஞன் ஒருவன் உயிரிழக்கிறான், விஜய் கிடங்கினுள் நுழைந்து அடியாட்களை வீழ்த்துகிறான், கணக்குத் தீர்ந்துவிடுகிறது. எலியா கஸான் 1954இல் எடுத்த 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' இதனினும் ஒரு படி உள்ளே சென்றது. சாட்சி சொல்லத் துணிந்த டூகன் என்பவர் மேல் விஸ்கிப் பெட்டிகள் சரிந்து அவர் சரக்கறையிலேயே மடிகிறார். பாதிரியார் அந்தச் சரக்கறைக்குள்ளேயே நின்று பேசுகிறார். கப்பலின் வயிற்றைக் காட்டிய அக்காட்சியை நாம் மதிக்கிறோம். ஆயினும் அங்கும் விபத்து என்பது வேடம் பூண்ட கொலைதான். வில்லன் இல்லாத விபத்துக்கு இரு படங்களிலும் இடமில்லை.

உண்மையில் கப்பல்துறையின் சாவுகளுள் மிகப் பலவற்றுக்கு வில்லன் இல்லை. தேய்ந்த கம்பிவடம் அறுகிறது. மூடுபலகை சரியாகப் பொருந்தாத திறப்பில் கால் இடறுகிறது. விஞ்சு இயக்குபவனுக்குக் கீழே நிற்பவன் தெரியாமற் போக, கைச்சைகை காட்டுபவன் ஒரு நொடி பிந்துகிறான். பெட்டகக் கப்பல்கள் வந்தபின் மூட்டையும் கைக்கொக்கியும் குறைந்தன. ஆனால் அடுக்கிய பெட்டகங்களின் மேலேறிப் பூட்டுகளைக் கழற்றுபவன் விழும் உயரம் கூடியது. இவற்றுள் கொடியது காற்றால் வரும் சாவு. நிலக்கரி, மரத்தடி, இரும்புக் கழிவு ஆகியன அடைபட்ட சரக்கறையின் உயிர்வளியைத் தாமே உறிஞ்சிவிடுகின்றன. மணமில்லை, நிறமில்லை. முதலாமவன் இறங்கி விழுகிறான்; அவனைத் தூக்க இறங்கிய இரண்டாமவனும் விழுகிறான். இரக்கமே கொல்லும் இவ்விடத்தில் எந்தக் கதாநாயகனின் முட்டியும் பயன்படாது. காற்றை அளக்கும் கருவியும், அளக்காமல் இறங்காதே எனத் தடுக்கும் அதிகாரியுமே வேண்டும். (இவற்றை வைத்து மூன்று மணிநேரப் படம் எடுக்க முடியாது என்பர். முயன்றவர் யார்?)

விரல்களைப் பற்றியும் ஒரு சொல். வடமும் சங்கிலியும் முதலில் தின்பவை அவைதாம். படம் வெளிவந்த நாளில் நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பாகக் கட்டைவிரலுக்கு 30 விழுக்காடும் சுட்டுவிரலுக்கு 14 விழுக்காடும் சிறுவிரலுக்கு 7 விழுக்காடும் வகுத்திருந்தது. நம் ஃபிக்ஹு மரபோ விரல் ஒவ்வொன்றுக்கும் பத்து ஒட்டகம் என்றது. பெருவிரலும் சிறுவிரலும் சமம். ஒன்று உழைப்பின் விலையைக் கணக்கிடுகிறது, மற்றொன்று உடலின் மதிப்பை. 'தீவார்' நாயகனின் விரல்கள் பத்தும் இறுதிவரை பழுதின்றி இருக்கின்றன. அவன் தங்கக் கடத்தலுக்குச் சென்றபின் படமும் அவனோடு மேலேறிவிடுகிறது. ரஹீம் சாச்சாவின் முதுகில் இருந்த சுமை என்னவாயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

விஜய்யின் பாத்திரத்திற்கு இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாகத் தொடங்கிய ஹாஜி மஸ்தானின் வாழ்வே தூண்டுதல் என்பது பரவலான கூற்று. அவ்வாறாயின் இது நம் கரையோர ஊர்களின் கதையுமாகும். ஆனால் அக்கரைகளிலிருந்து கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் சென்றோருள் ஒருவர் கடத்தலரசரானார். ஏனையோர் கூலிகளாகவே முதுமையுற்றனர். 1981இன் 'தீ'யும் அந்த ஒருவரையே தமிழில் மறுபடி பாடியது. 2025இல் ரஜினிகாந்தின் 'கூலி'யிலும் துறைமுகம் வருகிறது, வில்லை வருகிறது. முறிந்த முதுகு வரவில்லை.

விஜய் சுமை தூக்கிய அதே பம்பாயில், 1944 ஏப்ரல் 14 அன்று, வெடிமருந்தும் பஞ்சும் ஒன்றாக ஏற்றி வந்த 'ஃபோர்ட் ஸ்டிகின்' கப்பல் விக்டோரியா துறையில் வெடித்தது. உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் அந்நாள் தீயணைப்புத் துறை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மொத்தம் மடிந்தோர் 800 என்பாரும் 1300 என்பாரும் உளர். அன்று காலை வாயிலில் ஆளெடுக்கப்பட்டு உள்ளே சென்ற கூலிகளுக்குப் பதிவெண் தரும் சட்டம் வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.