போர் முடிந்தபின் தொடங்கும் நாடகம்

நாடகத்திற்கு உயிராவது யாது என்னும் வினாவிற்கு, மேலைநாட்டுத் திறனாய்வாளருட் பலர் 'முரண்' என்றே விடையிறுப்பர். பிரெஞ்சு நாட்டறிஞர் பிரூனெத்தியேர் என்பார் 1894-இல் இதனை ஒரு விதியாகவே வகுத்தனர். ஒருவனது மனவுறுதி ஒரு குறிக்கோளை நாடிச் செல்லுங்கால், எதிர்ப்படுந் தடைகளோடு பொருதலே நாடகமென்பது அவர் கொள்கை. யாமும் ஆசிரியத் தொழில் பூண்டிருந்த நாளில் இவ்விதியையே மாணாக்கர்க்கு ஐயமின்றி உரைத்து வந்தோம். அது குறையுடைத்தென்பதனை இம்முதுமையிலேனும் எடுத்துரைத்தல் எமது கடனாம்.

இவ்விதி முற்றும் பொய்யன்று. யவனப் புலவராகிய சோபோகிளீஸ் இயற்றிய 'அந்திகோனி'யை நோக்குக. இறந்த உடன்பிறந்தானை அடக்கஞ் செய்தே தீர்வேனென்பாள் அந்திகோனி. செய்தல் கூடாதென்பான் அரசன் கிரியோன். இருவர் உறுதியும் மோதுமிடத்தே அந்நாடகம் பிறக்கின்றது. ஆயின், ஒன்றற்குப் பொருந்துவது உலகத்து நாடகம் அனைத்திற்கும் பொருந்துமோ?

அந்த யவனரிடத்தேயே மறுப்பு உளது. ஈஸ்கிலஸ் இயற்றிய 'பாரசீகர்' என்னும் நாடகம் கி. மு. 472-இல் ஏதென்ஸ் நகரத்துத் தயோனிசஸ் விழாவில் அரங்கேறிற்று. இன்று முழுமையாகக் கிடைக்கும் யவன நாடகங்களுள் இதுவே பழையதென அறிஞர் பெரும்பாலார் கூறுப. அது கூறும் சலாமிஸ் கடற்போர் கி. மு. 480-இல் நிகழ்ந்தது. நாடகமோ போர்க்களத்தினின்று நெடுந்தொலைவிலுள்ள பாரசீகத் தலைநகராகிய சூசாவில் நடைபெறுகின்றது. தூதன் தோல்வியை உரைக்கின்றான். இறந்த மன்னன் தாரயஸின் ஆவி எழுந்து, மகனது செருக்கே கேட்டிற்குக் காரணமென்கின்றது. மகன் செர்க்சஸ் கிழிந்த ஆடையனாய் வந்து முதியோரோடு புலம்புகின்றான். பகைவன் ஒருவனேனும் அரங்கிற் றோன்றிலன்.

இனி ஜப்பானியரது 'நோ' நாடகத்தைக் காண்போம். 14-ஆம் நூற்றாண்டில் கன்னாமி என்பாரும், அவர் மைந்தர் ஸெயாமியும் இதனைச் செம்மை செய்தனர். ஸெயாமி இயற்றியவற்றுள் 'அட்சுமோரி' என்பது ஒன்று. 1184-இல் இச்சினோதானிப் போரில் அட்சுமோரி என்னும் இளைஞனைக் குமகாய் என்னும் வீரன் கொன்றான். நாடகந் தொடங்கும்போதோ, கொன்றவன் துறவியாகி, கொல்லப்பட்டான் பொருட்டு வழிபாடு செய்ய அக்களத்திற்கே வருகின்றான். புல்லறுப்போர் குழலோசை கேட்கின்றது. அவருள் ஒருவன் மட்டும் பின்தங்கி நின்று பேசி மறைகின்றான். பின்னர் அவனே அட்சுமோரியின் ஆவியாய் வெளிப்பட்டுத் தன் முடிவை ஆடிக் காட்டுகின்றான். பழைய பகையை நினைந்து வாளோங்கியவன், எதிரே இருப்பவன் தனக்காக வழிபடுவோன் என்றுணர்ந்து, இவன் பகைவனல்லன் எனத் தெளிகின்றான்.

வாளோங்கியதும் முரணன்றோவெனின், அன்று. ஓங்கிய வாளை எதிர்ப்பார் அங்கில்லை. பிரூனெத்தியேர் கூறும் மனவுறுதி வெல்லவுமில்லை, தோற்கவுமில்லை. தானே தளர்ந்து நீங்குகின்றது. பற்றினால் உழலும் உயிர் அப்பற்றினின்று விடுபடுவதே ஈண்டு நிகழ்ச்சி. போரிற் பொருத இருவரும் போர் முடிந்தபின் ஒருவரை யொருவர் அறிகின்றனர். இதனினும் பெரிய மாற்றம் ஒரு நாடகத்துள் வேறு யாது வேண்டும்?

ஆகவே, முரணின்மையால் 'நோ' நாடகமாகாது, பழஞ் சடங்கின் எச்சமே என்பார் கூற்று நிரம்பாது. அவ்வாறு கொள்வார் 'பாரசீக'ரையும் உடன் விலக்கல் வேண்டும். ஸெயாமி தம் கலைக்குத் தாமே இலக்கணம் வகுத்தவர். நடிகன் அவையோர் உள்ளத்து எழுப்பும் வியப்பின்பத்தை 'மலர்' என உருவகித்தார். மறையாகக் காக்கப்பட்ட அவர்தம் நூல்கள் 1909-இல் அச்சேறிப் பலர்க்கும் வெளிப்போந்தன. அவை கைக்கெட்டிய பின்னும் அயலார் கோல்கொண்டு அளத்தல் நேர்மையாகாது.

நெல்லளக்கும் மரக்காலால் துணியளப்பார் இலர். எம்மிடம் அவ்விதியைக் கற்ற மாணாக்கர் இதனைக் காண்பராயின், அன்று யாம் உரைத்ததனைத் திருத்திக்கொள்வாராக.