ஆயிரம் ரூபாவும் அரைப் பேரும்

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, மலையகத் தொழிலாளரின் நாட்சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில்தான் தீர்மானமாகி வந்தது. முதலாளிமார் சம்மேளனத்தோடு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உள்ளிட்ட தொழிற்சங்கங்கள் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும். அந்த ஒப்பந்தத்தைத் திட்டாத லயம் இல்லை. திட்டியதில் நியாயம் உண்டு. ஆனால் முழு நியாயமும் அதுவல்ல.

2019 ஜனவரி ஒப்பந்தத்தைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ஆனது. அதே கையோடு வரவுக் கொடுப்பனவு 60 ரூபாவும் உற்பத்தி ஊக்குவிப்பு 140 ரூபாவும் போய்விட்டன. விலைப் பங்குக் கொடுப்பனவு 30இலிருந்து 50 ஆனது. கூட்டிப் பார்த்தால் 730 ரூபா 750 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபா கேட்டு 2018 ஒக்டோபரில் காலிமுகத்திடலில் திரண்ட இளைஞர்களின் கோபம் பொய்யல்ல. ஆனாலும் ஊக்கத்தொகைக்கு இல்லாத சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்துக்கு உண்டு. கூடிய 200 ரூபாவுக்கு முதலாளி கட்டவேண்டிய 12 வீதம், நாளொன்றுக்கு 24 ரூபா. வரவு குறைந்தால் கொடுப்பனவு பறிபோகும் என்ற பயமும் தீர்ந்தது. இதைப் பேசிப் பெற்றவை தொழிற்சங்கங்களே. அவற்றின் பெருங்குறை வேறு: கையெழுத்துக்கு முன் தொழிலாளரிடம் வாக்குக் கேட்கும் வழக்கத்தை அவை வளர்க்கவே இல்லை.

2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் ரூபா சட்டமானது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அரசை நெருக்கி இந்தத் தொகையை வாங்கியது தொழிற்சங்க அரசியலின் வெற்றிதான். ஆனால் தொகையை நிர்ணயித்த வர்த்தமானி, அதற்காக ஒரு நாளில் பறிக்கவேண்டிய தேயிலைக் கொழுந்தின் அளவை நிர்ணயிக்கவில்லை. பல தோட்டங்களில் 18 கிலோ என்றிருந்தது 20 ஆயிற்று. தராசடியில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு வேறு. மழையில் நனைந்து பறித்தவளுக்கு ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்த ஆயிரம் ரூபா அங்கேயே பாதியானது. ஒப்பந்தம் இருந்த காலத்தில் இதைச் சங்கத்தின் மூலம் தோட்டத்துரையிடம் பேச ஒரு பிடி இருந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆன பிறகும் கொழுந்தின் அளவு பற்றிய இந்தக் கேள்வி தீரவில்லை.

ஆகவே குறைந்தபட்சச் சம்பளம் சட்டத்தில் இருக்கட்டும். கொழுந்தின் அளவு, தராசுக் கழிவு, மாத வேலைநாள் ஆகிய மூன்றுக்கும் தொழிற்சங்கங்கள் மறுபடி கூட்டு ஒப்பந்தம் கேட்க வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் உட்கார வேண்டும். ஒப்பந்த வரைவை, வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வாசித்து, வாக்கெடுத்து, அதன் பிறகே தலைவர்கள் கையெழுத்திட வேண்டும்.