விடுபட்ட இடம்

மறதி நோய் கண்டவரின் எழுத்தை மாணவர்களோடு சேர்ந்து வாசிப்பது நல்ல காரியம் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கமுடியாது. எந்தப் பிரதியை வாசிக்கிறோம் என்பதில்தான் பிரச்னை.

இங்கிலாந்தின் வெண்டி மிட்செலுக்கு 2014இல், 58 வயதில், நோய் உறுதியாயிற்று. 2018இல் அன்னா வார்ட்டன் என்ற பத்திரிகையாளரின் துணையோடு தன் அனுபவத்தை நூலாக்கினார். 2024இல் இறந்தார். டாக்டரும் உறவினரும் பேசிவந்த இடத்தில் நோயாளியே பேசியது பெரிய விஷயம். பேச்சைவிடத் தட்டச்சு தனக்குக் கைகொடுக்கிறது என்று அவரே சொன்னதுமுண்டு. இருந்தும், எது அவருடைய சீர், எது துணையால் வந்த சீர் என்று வாசகன் பிரித்தறிய வழியில்லை. மாணவன் உருகுகிறான், நோயின் மொழியை அவன் சந்திப்பதில்லை.

எதிர்முனையில் ஒரு தாள் இருக்கிறது. 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அலோய்ஸ் அல்ஸைமர், அவுகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைத் தன் பெயரை எழுதச் சொன்னார். 'திருமதி' என்று எழுதியதும் மீதி மறந்துபோயிற்று. திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. தொலைந்ததாகக் கருதப்பட்ட அந்தக் கோப்பு 1995இல் கிடைத்தது. தாளை யாரும் திருத்தவில்லை. ஆகவேதான் அது இன்றும் பேசுகிறது.

இந்த விவேகம் தமிழுக்குப் புதிதல்ல. பெரும்பாக்கத்தில், 2022இல் திறந்த வளாகத்தில், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. 41 பழந்தமிழ் நூல்களின் செம்பதிப்பு அதன் வேலைகளில் ஒன்று. சுவடிப் பதிப்பின் முதல் ஒழுக்கம், சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே காட்டுவது. உ.வே.சா. 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. வேறு பல பாட்டுகளில் அடிகள் இருக்கவேண்டிய இடத்தில் புள்ளிகள். பாட்டுக் கட்டத் தெரியாமலா விட்டார்? கட்டியிருந்தால் அது புறநானூறாக இராது.

ஏட்டுக்குக் காட்டிய இந்த மரியாதையை மனிதருக்குக் காட்ட நாம் தயாரா? 2023இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டில், இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய். இவர்களில் எழுதுகிறவர்களின் கடிதமும் டைரியும் வீட்டாரின் கை பட்டுத்தான் வெளியே வரும். மானம் பற்றிய பயம் நியாயமானது. திருத்திக் கொடு என்று எழுதியவரே கேட்டால் திருத்தலாம். திருத்திய இடத்தைக் குறிக்கவும் வேண்டும். கேட்காதபோது திருத்துவது அன்பாகத் தோன்றலாம். ஆனால் அது அவர் இருக்கும்போதே அவர் இடத்தில் வேறொருவரை உட்காரவைப்பது.

வகுப்பறைக்கு வரவேண்டியவை இருமுறை எழுதிய பால் கணக்கும் பாதியில் நின்ற பெயருமே. அங்கே ஆசிரியர் வாக்கியத்தை முடித்துவைக்கக் கூடாது. மாணவன் அந்த வெற்றிடத்தின்முன் கொஞ்ச நேரம் நிற்கட்டும். அனுதாபம் எளிதில் வந்துவிடும். வாசிக்கத்தான் பழக வேண்டும்.