முக்கூடற்பள்ளின் மழைக்குறி

முக்கூடற்பள்ளில், ஆற்று வெள்ளம் வரப்போவதை உழவர் முன்னறிந்து கூறும் பாடலை நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அதன் சந்தத்தில் மயங்கிப் பாராட்டுவதோடு நின்றுவிடுகிறோம். அப்பாடலின் உயிர், பார்வையின் ஒழுங்கில் இருக்கிறது என்பது என் கருத்து.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியதாகக் கருதப்படும் இந்நூலின் களம், நெல்லைச் சீமையில் பொருநை பிற ஆறுகளோடு கூடும் சீவலப்பேரிப் பகுதி. வெள்ளம் நாளை வரும் என்ற முடிபை முதலிற் கூறிச் சான்றுகளைப் பின்னர் அடுக்குகிறார் கவிஞர். மலையாளத் திசையிலும் ஈழத்துத் திசையிலும் மின்னல். இரு நாளாக மரக்கொம்புகளைச் சுற்றியடிக்கும் காற்று. கேணித் தவளையின் குரல். சேற்றில் தன் வளையை அடைக்கும் நண்டு. தொலைவானில் தொடங்கிய பார்வை காலடி மண்ணுக்கு இறங்கி, வானம்பாடிகளோடு மீண்டும் மேலேறுகிறது.

புறநானூற்றில் வெள்ளிமீன் தெற்கே செல்லுதல் போன்ற வான்குறிகள் அரசனது செங்கோலோடு இணைத்துப் பேசப்படும். இங்கே அரசன் இல்லை. வயலுக்கு நீர் வேண்டி நிற்கும் உழவனே இருக்கிறான்.

குறி என்றவுடன் சகுனம் என ஒதுக்குவோர் உண்டு. பொருநை மேற்கு மலையில் பிறப்பது. மலைமேற் பெய்த மழையே சமவெளியில் வெள்ளமாகிறது. மேற்கே மின்னக் கண்டு ஆற்றை எதிர்பார்த்தல் பட்டறிவு. ஆயினும் எல்லாக் குறிகளும் ஒரே நிறையுடையன அல்ல. தவளையின் குரல் ஒன்றே வெள்ளத்துக்குச் சான்றாகாது. வானம்பாடிகளைக் கோடி என்பது கவிஞரின் உவகை. பல குறிகளை ஒருங்கு வைத்துப் பார்த்ததே உழவரின் திறம்.

சென்ற கோடையில் ஒரு மாலை, பீன்யாவில் எங்கள் மொட்டைமாடியில் நின்றபோது, “மலையாள மின்னல் எந்தப் பக்கம் அப்பா?” என்று என் மகள் கேட்டாள். பாட்டின் பழக்கத்தால் மேற்கைக் காட்டினேன். பிறகே உறைத்தது: இங்கிருந்து மலையாள நாடு தென்மேற்கில் இருக்கிறது, பொருநையும் இங்கில்லை. இடி கேட்டதும் கீழிறங்கிச் சன்னலருகே அமர்ந்தோம். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை அவளை எண்ணச் சொன்னேன். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பன்னிரண்டு, ஒன்பது, ஐந்து என எண்ணிக்கை குறைந்தது, மழையும் வந்தது.

முக்கூடலின் குறிகளைப் பிழைக்க வந்த ஊருக்குப் பெயர்த்துவர இயலாது. அவ்வுழவரின் பொறுமையைக் கொண்டுவரலாம். பாட்டை ஒப்பித்து முடித்த பிள்ளையிடம், இன்று நம் வானில் நீ கண்ட குறி யாது என்று கேட்போம்.