'லெற்': வழக்கிழந்த ஓர் ஆங்கில வினை

ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மாணவர் ஹம்லெற் நாடகத்தின் முதலங்கம் நான்காங் காட்சியில் இடறி நிற்பதுண்டு. தந்தையின் ஆவியைப் பின்தொடர முற்படும் ஹம்லெற்றை ஹொறேசியோவும் மார்செலசும் பற்றி நிறுத்துகின்றனர். தன்னை 'லெற்' செய்பவனைக் கொன்றுவிடுவதாக அவன் அச்சுறுத்துகிறான். இச்சொல்லுக்கு இன்றைய பொருளாகிய அனுமதித்தலைக் கொள்ளின் காட்சியே தலைகீழாகிவிடும்.

ஈண்டு வருவது வேறொரு வினை. பழைய ஆங்கிலத்தில் 'லெற்றன்' என வழங்கிய அது, தாமதத்தைக் குறிக்கும் 'லேற்' என்னுஞ் சொல்லுக்கு உறவுடையது. தாமதிக்கச் செய்தல், தடுத்தல் என்பன அதன் பொருள். அனுமதித்தலைக் குறித்த வினை அன்று வடிவில் வேறாக இருந்தது. ஒலித்திரிபினால் இரண்டும் ஒரு வடிவெய்தின. எதிர்ப்பொருளுடைய இரு வினைகள் ஒரே வடிவில் நிலைத்தல் அரிதாகலின் ஒன்று மறைந்தது என்பர் மொழிநூலார். இவ்விளக்கம் எமக்கு முழுநிறைவு தருவதாயில்லை. 1611 இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே இரண்டும் வருகின்றன: மூன்றாம் வசனத்தில் அனுமதி, ஏழாம் வசனத்தில் தடை. அனுமதி குறித்த வினை பெரும்பாலும் இன்னொரு வினையைத் தழுவி வரும், மற்றையது அவ்வாறன்று. வாக்கிய அமைப்பே மயக்கத்தை விலக்கியது போலும். எனவே, அதன் பணியை ஏற்கப் பிற சொற்கள் ஆயத்தமாக இருந்தமையும் மறைவுக்குக் காரணமாதல் வேண்டும். இன்று அது சட்டத் தொடரொன்றிலும், பந்து வலையிற் பட்டு மறுமுறை அடிக்கும் ரெனிஸ் வழக்கிலும் பெயர்ச்சொல்லாக எஞ்சியுள்ளது.

பிற சொற்களுள் முதன்மையானவை 'ஹின்டர்', 'பிரிவென்ற்' என்பன. மூன்றுக்கும் 'தடு' என்று எழுதிவிடுதல் எளிது. ஆயின் ஹின்டர், பின்னிருத்தலைக் குறிக்குஞ் சொல்லடியாகப் பிறந்தது. பிரிவென்ற், இலத்தீனிலிருந்து வந்து முந்திச் செல்லுதலைக் குறித்தது. மேற்படி வேதாகமத்தின் 119 ஆம் சங்கீதத்தில் பாடுவோன் விடியலைப் 'பிரிவென்ற்' செய்ததாகக் கூறுவது, விடியலைத் தடுத்ததையன்று. விடியுமுன் எழுந்து இறைவனை அழைத்ததையே. பின்னிழுத்தலும் முந்திக்கொள்ளுதலும் இடம்பற்றிய படிமங்கள். லெற் ஒன்றே காலம்பற்றியது.

நம் மொழியில் அதற்கு அணித்தான வினை 'தாழ்த்து' என்பதே. 'என்னைத் தாழ்த்துபவன்' என்றால் இழிவுபடுத்துபவன் என்றாகிவிடும். 'என் வழிச்செலவைத் தாழ்த்துபவன்' என்றே பெயர்த்தல் வேண்டும். அவ்வாறு பெயர்த்து அக்காட்சியை மீளப் படித்தால் ஒன்று புலனாகும். பழிவாங்குதலை நாடகமெங்குந் தாழ்த்திச் செல்பவன் ஹம்லெற். அவனே தன்னைச் சிறிது தாமதிக்கச் செய்வோரைக் கொல்வேன் என்கிறான். சேக்ஸ்பியர் இம்முரணைக் கருதியே சொல்லைத் தேர்ந்தாரா என்பது வேறு வினா. 'தடு' என்று பெயர்த்து அமைபவருக்கு அவ்வினா எழவே மாட்டாது.