ஆலிலையும் உரலும்: அற்புதச் சுவையில் பூர்வாசார்யர்கள் காட்டும் நெறி



உலகியலுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகள் இலக்கியத்திலும் சிற்பத்திலும் வருமிடத்து, இக்காலத் திறனாய்வாளர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றைப் பற்றுகின்றனர். ஒரு சாரார் அவற்றைக் கவியின் கற்பனை எனக் கொண்டு, உட்பொருள் ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு, சரிதத்தைச் சக்கையெனக் கழித்துவிடுவர். கோவர்த்தனம் அகங்காரம், காளியன் புலன்வேட்கை, உலகளந்தது ஞாயிற்றின் செலவு என்பர். மற்றொரு சாரார் அற்புதத்தை அதன் அளவு கொண்டே மதிப்பர். மேடையிலும் திரையிலும் உருவம் எத்துணைப் பெரிதாகத் தோன்றுகிறதோ அத்துணை பக்தி விளையும் என்பது அவர் துணிபு. இவ்விரு கொள்கைகளும் ஆழ்வார்களின் அருளிச்செயலுக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தொல்காப்பியர் மருட்கையை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களங்களை அதற்கு வகுத்தார். ஆக்கமாவது ஒன்று பிறிதொன்றாய்த் திரிதல். வடநூலாருள் பரதமுனிவர் விஸ்மயத்தை ஸ்தாயியாக உடைய அத்புதத்தை எட்டு ரஸங்களுள் ஒன்றாக எண்ணினார். ஸாஹித்யதர்ப்பணம் இயற்றிய விச்வநாதர், தம் முன்னோருள் ஒருவரான நாராயணர் அத்புதமே எல்லா ரஸங்களின் ஸாரமும் எனக் கொண்டதை எடுத்துரைக்கிறார். இவற்றுள் தொல்காப்பியர் பாகுபாடு நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவது. பெருமையோடு ஒப்பச் சிறுமையும் வியப்புக்கு நிலைக்களமாகும் என்று அவர் கண்டார். வாமனாவதாரத்தில் இந்நான்கும் ஒருங்கே அமைந்திருத்தல் காண்க. மாணியின் குறளுரு சிறுமை, உலகளந்தது பெருமை, குறள் நெடிதானது ஆக்கம், எல்லாம் உடையவன் இரந்து நின்றது புதுமை.

இனி, அற்புதம் என்பது பொய்யோ மெய்யோ என்னும் வினா எழும். இதற்கு விடை 'மாயை' என்னும் சொல்லிலேயே உள்ளது. எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில், ஏழாம் அத்தியாயத்தில், மாயை என்னும் சொல்லுக்கு விசித்திரமான காரியங்களைச் செய்யவல்லது என்பதே பொருள் என நிலைநாட்டினார். அசுரர்களின் அஸ்திரங்கள் மாயை எனப்படுவதும் இதுபற்றியே. சம்பரன் விடுத்த மாயைகளைச் சக்கரம் ஒவ்வொன்றாக அழித்தது என்னும் ஸ்ரீவிஷ்ணுபுராணச் செய்தி இதற்குச் சான்று. இல்லாத ஒன்றை அழிக்க ஆயுதம் வேண்டுவதில்லை. அருளிச்செயலில் 'மாயன்' என வருமிடங்களில் வ்யாக்யாதாக்கள் ஆச்சர்யமான செயல்களை உடையவன் என்று பொருளுரைப்பதும் இந்நெறியிலேயே. ஆகவே நம் ஸம்ப்ரதாயத்தில் அற்புதம் மெய்ம்மைக்கு மறுதலை அன்று. நம் அறிவின் அளவுக்குள் அடங்காத மெய்ம்மையே அற்புதம்.

இவ்வாறு கொண்டமையால் ஆழ்வார்கள் வினா எழுப்பாமல் இருந்துவிட்டனர் என்று கருதுதல் பிழை. பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியின் 69ஆம் பாசுரத்தில் ஆலிலைத் துயிலைப் பற்றி எம்பெருமானையே கேட்கிறார். ஏழுலகையும் உண்டு சிறு பாலகனாய் ஆலிலைமேல் கிடந்தாய் என்பர். அந்த ஆல மரம் நின்ற இடம் கடலா, வானா, மண்ணா என்பது வினா. எல்லாம் வயிற்றினுள் புக்க பின் மரத்திற்கு வேரூன்ற இடம் ஏது? ஐயுறுவோன் தொடுக்கக்கூடிய வினா இதனினும் கூரியதாய் இருத்தல் அரிது. ஆயின் அப்பாசுரத்தில் ஆழ்வார் எம்பெருமானை விளிக்கும் முறை நோக்கத்தக்கது. குன்றெடுத்தவனே என்று விளித்தே அவர் கேட்கிறார். ஏழு பிராயத்துப் பிள்ளை மலையைத் தாங்கியது உண்டாயின், இலையைத் தாங்க மரமும், மரத்தைத் தாங்க மண்ணும் வேண்டும் என்னும் நியதி அவனைக் கட்டாது. வினாவுக்கு விடை விளியிலேயே நிற்கிறது. வ்யாக்யானங்கள் அகடிதகடநா ஸாமர்த்யம், அதாவது சேராதவற்றைச் சேர்க்கும் திறம், என வழங்குவது இதனையே.

உட்பொருள் காண்பது தவறு என்பதும் இங்குக் கருத்தன்று. விஷ்ணுவின் மூவடிகளைச் சாகபூணி நிலம், இடைவெளி, வானம் என மூவுலகில் வைத்ததையும், ஔர்ணவாபர் வேறு வகையாக விளக்கியதையும் யாஸ்கரின் நிருக்தம் பதிவு செய்கிறது. ஆகவே இம்முயற்சி புதியது அன்று. நம் ஆசார்யர்களும் ஸ்வாபதேசம் அருளிச்செய்தார்கள். ஆயின் நேர்ப்பொருளை முற்ற உரைத்த பின்னரே ஸ்வாபதேசம் அதன்மேல் எழும். நேர்ப்பொருளை இடித்து அதன் கல்லைக் கொண்டு உட்பொருளைக் கட்டுவது அவர்கள் வழக்கம் அன்று.

அடுத்து, அளவே அற்புதம் என்பாரை நோக்குவோம். திருவாய்மொழி முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில், வெண்ணெய் களவில் அகப்பட்டு உரலோடு கட்டுண்டு ஏங்கியிருந்த எளிமையை நினைந்த நம்மாழ்வார், முதற்பாசுரத்தின் முடிவில் ஒற்றை வியப்புச் சொல்லோடு மோஹித்து ஆறு மாதம் கிடந்தார் என்பது ஸம்ப்ரதாயம். உலகமுண்டதையும் உலகளந்ததையும் பலகால் பாடியவர் அவர். ஆயினும் அவரைத் தரிக்கவொட்டாமற் செய்தது ஒரு தாம்புக்கயிறு. காரணம் வெளிப்படை. அளத்தலும் உண்டு உமிழ்தலும் ஸர்வசக்திக்கு இயல்பு. இயல்பான செயலில் வியப்பதற்கு என்ன உண்டு? கட்டுண்டு அஞ்சி நின்றதே அவன் இயல்புக்கு ஒவ்வாதது. எனவே அகடிதகடநையின் எல்லைநிலம் ஆலிலை அன்று, உரல்.

ஸ்ரீபாகவதமும் இவ்வரிசையையே காட்டுகிறது. பத்தாம் ஸ்கந்தத்தின் எட்டாம் அத்தியாயத்தில் யசோதை பிள்ளையின் வாயில் அனைத்துலகையும் காண்கிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவளே கயிற்றோடு அவனைத் துரத்துகிறாள். ஒவ்வொரு முறையும் கயிறு இரண்டு விரற்கடை குறைகிறது. அவளுடைய இளைப்பைக் கண்டு அவன் கிருபையால் கட்டுண்கிறான். பேருருக் காட்சி முன்னும், கட்டுண்ட எளிமை பின்னுமாக வைக்கப்பட்டமை தற்செயல் ஆகாது. கீதையின் பதினொன்றாம் அத்தியாயத்திலும் விச்வரூபம் கண்ட அர்ஜுனன் வேண்டியது பழகிய உருவையே.

சிற்பமும் இதற்குச் சான்று பகரும். காஞ்சி உலகளந்த பெருமாள் ஏறத்தாழ 35 அடி உயரத்தில், திருவடி தூக்கி, ஒரு கரத்தில் இரண்டு விரல்களும் மறு கரத்தில் ஒரு விரலும் காட்டி நிற்கிறார். அண்ணாந்து நோக்குவார்க்கும் ஒரே நோக்கில் அடங்காத திருமேனி அது. அவ்வாலயத்திலேயே, அருகில் ஊரகத்தான் ஸந்நிதியில் ஆதிசேஷ வடிவாய்ச் சிறிய திருமேனியோடு எழுந்தருளியிருக்கிறார். பாதாளத்தில் அழுந்திய மாவலிக்கு அந்நெடியவுருவைக் காண இயலாமையால், அவன் காணுமாறு சிறிய உருவில் ஸேவை ஸாதித்தார் என்பது ஸ்தலவரலாறு. நெடியோனை மட்டும் ஸேவித்து மீள்பவர் அத்தலத்தின் அற்புதத்தில் பாதியையே கண்டவராவர்.

அங்ஙனமாயின் பரத்வத்தைக் கூறும் அற்புதங்கள் மிகையோ எனின், அன்று. ஓர் இடைப்பிள்ளை வெண்ணெய் திருடிக் கட்டுண்டான் என்றால் அதில் வியப்பு இல்லை. அஃது ஊரில் அன்றாடம் நிகழ்வது. உலகுண்ட வயிற்றிலே கயிறு சுற்றப்பட்டது என்னும்போதே ஆழ்வார் மோஹிக்கிறார். மேன்மை அறியப்படாதவிடத்து நீர்மை அற்புதமாகாது. ஆலிலை உரலுக்கு அளவுகோலாகிறது.

இவ்வாராய்ச்சி சுவை பற்றிய வாதத்தோடு நிற்பதன்று. எண்ணிறந்த குற்றங்களோடு அநாதிகாலம் உழன்ற சேதநன், திருவடிகளில் விழுந்த மாத்திரத்தில் நித்யஸூரிகளோடு ஒக்க எண்ணப்படுகிறான் என்பது நம் சித்தாந்தம். இதனினும் பெரிய அகடிதகடநை வேறு ஒன்று இல்லை. ஆலிலையைக் கவியின் அணி என்று கழிப்பவர், அதே எழுதுகோலால் சரணாகதியையும் அணி என்று கழிக்க நேரும். ஆலிலையின் பெரு வியப்போடு நின்றுவிடுபவர்க்கோ, அவ்வளவு பெரியவன் தமக்கு எட்டுவான் என்னும் துணிவு பிறவாது. இலைக்கு இடம் எங்கே என்று கேட்கவும், உரலின் முன் பேச்சற்று நிற்கவும் ஆழ்வார்கள் கற்பித்தனர். அருளிச்செயலைத் திறனாயப் புகுவார்க்கு இவ்விரண்டும் வேண்டும்.